ஆணி அக்கா போடாத கையெழுத்து

அந்தத் தெருவில் சோபா தைக்கிற கடை ஒன்றுதான். அதை நடத்துகிறவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அவளுடைய அடையாள அட்டைக்கு மட்டும்தான் தெரியும். தெருவுக்கு அவள் ஆணி அக்கா. அவளைவிட மூத்தவர்களுக்கும் அக்காதான்.

வேலை என்று உட்கார்ந்துவிட்டால் ஒரு பிடி குட்டி ஆணியை அள்ளி வாயில் போட்டுக்கொள்வாள். நாக்கால் ஒன்றொன்றாகத் திருப்பி, கொண்டை முன்னால் வரும்படி உதட்டுக்குக் கொண்டுவருவாள். சுத்தியலின் ஒரு முனையில் காந்தம் இருக்கிறது. உதட்டில் தொட்டதும் ஆணி அதில் ஒட்டிக்கொள்ளும், மறு நொடி மரச் சட்டத்தில் இறங்கியிருக்கும். இடது கை துணியை இழுத்துப் பிடித்தபடியே இருக்க வேண்டும், கொஞ்சம் தளர்ந்தாலும் சுருக்கம் விழுந்துவிடும். ஆணி எடுத்துக் கொடுக்க இன்னொரு கைக்கு எங்கே போவது? அந்த வேலையை வாய் பார்த்துக்கொண்டது. முன்பல்லில் ஒரு சின்னப் பள்ளமே விழுந்துவிட்டது. பார்க்கிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அவளோ மிட்டாய் சப்புகிறவள் மாதிரி உட்கார்ந்திருப்பாள்.

இந்த வித்தையை அவள் கற்றது ஒரு நாற்காலித் தொழிற்சாலையில். வரிசையாகப் பெண்கள், எல்லோர் வாயிலும் ஆணி. மேற்பார்வையாளருக்கு இதில் ஒரே கல்லில் இரண்டு மாங்காய். வேலையும் நடக்கும், வம்பும் நடக்காது. ஒரு நாள் தொழிற்சாலையை மூடினார்கள். "கடைசிச் சம்பளத்துக்குப் பணமில்ல, வேணுங்கறதை எடுத்துக்கிட்டுப் போங்க" என்று முதலாளி கையை விரித்தபோது, மற்றவர்கள் ஆளுக்கொரு நாற்காலியைத் தூக்கினார்கள். இவள் சுத்தியலை எடுத்துக்கொண்டாள். நாற்காலி எடுத்தவர்களில் பாதிப் பேர் அப்புறம் அதைத் தைத்துக் கொடுக்கச் சொல்லி இவளிடமே வந்தார்கள்.

கடையில் ஒரு வழக்கம் வைத்திருந்தாள். பழைய சோபாவைப் பிரித்தால் உள்ளேயிருந்து என்னென்னவோ உதிரும். சில்லறை, மூடியில்லாத பேனா, ஒற்றைத் தோடு, குழந்தையின் பொம்மைச் சக்கரம். எதையும் குப்பையில் போடமாட்டாள். மிச்சத் துணியில் ஒரு சின்னப் பை தைத்து, எல்லாவற்றையும் அதில் போட்டு, சோபாவின் காலில் கட்டித்தான் அனுப்புவாள். ஒரு முறை தங்க மோதிரம் கிடைத்தது. அதுவும் பொம்மைச் சக்கரத்தோடு அதே பையில்தான் போயிற்று. "நம்மது இல்லாதது நம்மகிட்ட நிக்கக்கூடாது. நம்மது வெளிய நிக்கக்கூடாது. அவ்வளவுதான்" என்பாள். கூலி பாக்கி வைத்தவர்கள் வீட்டு வாசலில் போய் அவள் நின்ற கதைகளும் தெருவில் நிறைய உண்டு.

இப்படிப்பட்டவளின் வீட்டுக் கட்டிலுக்கு அடியில்தான், அவளுக்குத் தெரியாமல், அவர்களுடையது அல்லாத ஒரு பெட்டி மூன்று மாதமாக இருந்தது.

ஒரே மகள். பதினாறு முடிந்து பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். பேருந்து நிலையத்துக்கு எதிரே, செருப்புக் கடையின் மாடியில், முக அலங்காரப் பயிற்சி நிலையம் ஒன்று திறந்திருந்தார்கள். சேர்க்கை இலவசம் என்று ஆள் உயரத்துக்கு எழுதியிருந்தது. இலவசம் என்றால் எங்கேயோ கொக்கி இருக்கும் என்று தெரிகிற வயசா அது? சிநேகிதிகளோடு வேடிக்கை பார்க்கப் போனவள், அவர்கள் இறங்கி வந்த பிறகும் அங்கேயே நின்றாள். பயிற்சிக்குத்தான் பணமில்லை, பெட்டிக்கு உண்டு. வெள்ளி நிறப் பெட்டி, திறந்தால் தட்டுத் தட்டாக விரியும், தூரிகைகள், வண்ணங்கள், கண்ணாடி. "மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமா கட்டினாப் போதும். வீட்ல ஒரு வார்த்தை கேட்டுக்கோ" என்றார் அங்கே இருந்த மேலாளர்.

அவள் அங்கிருந்தே அம்மாவுக்குப் போன் போட்டாள். "அம்மா, இங்க மேக்கப் கிளாஸ்ல ஒரு பெட்டி தராங்க. வாங்கிக்கட்டுமா?"

ஆணி அக்கா தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கியிருந்தாள். வாயில் ஆணி, கையில் இழுத்துப் பிடித்த துணி. "ம்ம்" என்றாள். மகள் போனை வைத்துவிட்டுத் தவணைத் தாளில் கையெழுத்துப் போட்டாள். பெற்றோர் கையெழுத்துக்கான கட்டத்தில் மேலாளர் 'தாயாரிடம் போனில் பேசியாயிற்று' என்று எழுதிக்கொண்டார். ஆழம் தெரியாமல் காலை விடுகிற பிள்ளையைக் கரையிலிருந்து கைதட்டிக் கூப்பிடுகிற ஆட்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

பயிற்சி என்ற பேரில் அவர்கள் அவளைத் துண்டு மடிக்க வைத்தார்கள், தரையில் விழுந்த முடியைக் கூட்ட வைத்தார்கள். சில வாரத்தில் அவளுக்கு வெறுத்துவிட்டது, போவதை நிறுத்திக்கொண்டாள். பெட்டி கட்டிலுக்கு அடியில் போயிற்று. தவணை நிற்கவில்லை. அதன் மேல் அபராதமும் ஏறிற்று.

வசூல்காரர் கடைக்கு வந்த அன்று ஆணி அக்கா ஒரு டாக்டர் வீட்டு நீளச் சோபாவின் முதுகை மூடிக்கொண்டிருந்தாள். வந்தவர் ஹெல்மெட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மரியாதையாகத்தான் பேசினார். மகள் பெயரைச் சொன்னார், பெட்டியைச் சொன்னார், தொகையைச் சொன்னார். அந்தத் தொகையைக் கேட்டு ஒரு ஆணி கோணலாக இறங்கியது. அவள் கடையில் அது அபூர்வம்.

"சின்னப் பொண்ணு, அதுகிட்ட போய் என்னத்தைக் கேக்கறது? பெத்தவங்கதானே பொறுப்பு? அதான் உங்க நல்லதுக்கு ஒரு வழி பண்ணிக் கொண்டாந்திருக்கேன். இதுல ஒரே ஒரு கையெழுத்து. அபராதம் முழுசும் தள்ளுபடி. அசலை மட்டும் நீங்க மெதுவா கட்டுங்க." சோபாவின் கைப்பிடி மேல் தாளை விரித்து, பேனாவைத் திறந்து வைத்தார்.

அவள் தாளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"பேசாம இருக்கீங்களே. மௌனம் சம்மதம்னு எடுத்துக்கலாமாக்கா?"

ஆணி அக்கா துணியை விட்டாள். சோபாவின் முதுகு முழுக்கச் சுருக்கம் விழுந்தது. உள்ளங்கையைக் குவித்து, வாயில் இருந்த ஆணிகளை அதில் துப்பினாள்.

"எடுத்துக்க வேண்டாம். பேனாவை மூடுங்க. நான் விசாரிச்சுட்டுச் சொல்றேன்."

சாயங்காலம் வீட்டில் பெட்டி வெளியே வந்தது. மகள் அழுதாள். அடி விழும் என்று எதிர்பார்த்து அழுதாள், விழவில்லை என்றதும் இன்னும் அழுதாள்.

அவளுடைய அப்பா பேருந்து ஓட்டுநர். சடாரென்று பிரேக் போட்டால்கூடத் திரும்பிப் பார்த்து, நின்றுகொண்டு வருகிறவர்களிடம் மன்னிப்புக் கேட்கிற மனுஷன். ஒருத்தர் வாசலில் வந்து பணம் கேட்டுவிட்டார் என்பதே அவருக்குத் தாங்கவில்லை. "கட்டிடலாம்மா. வயித்தைக் கட்டி வாயைக் கட்டியாவது கட்டிடலாம். நாலு பேர் நம்மளைக் கைநீட்டிப் பேசக்கூடாது" என்றார்.

"நீங்க கட்ட வேண்டாம்" என்றாள் மகள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "அந்த மேக்கப் கிளாஸ் சார் சொன்னாரு. நான் முழு நாளும் அங்க வேலைக்கு வந்துட்டா சம்பளத்துல கழிச்சுக்குவாங்களாம். நான் ஸ்கூலை விட்டுடறேன். நான் வாங்கின கடன், நானே தீர்த்துக்கறேன்."

ஆணி அக்காவுக்கு அப்போதுதான் நெஞ்சு பகீரென்றது. பணம் போனால் போகட்டும். இன்னும் நாலு சோபா சேர்த்துத் தைத்தால் வந்துவிடும். ஆனால் இவர்கள் கேட்பது பிள்ளையின் பள்ளிக்கூடத்தை அல்லவா? துடைப்பத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் புத்தகத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள். கடன் தீரும்போது இவளுக்கு வயசு ஏறியிருக்கும், படிப்பு எங்கேயோ போயிருக்கும். பதினைந்து வயதில் தன் கையிலிருந்து புத்தகம் போனதும் இப்படி ஒரு 'கொஞ்ச நாளைக்குத்தான்' என்ற பேச்சில்தான் என்பது அவளுக்கு மறக்கவில்லை. தொழிற்சாலை வரிசையில் உட்கார்ந்தவள் அப்புறம் எழுந்திருக்கவேயில்லை.

"ஸ்கூல்ல ஒரு நாள்கூட நீ லீவு போடப் போறதில்ல" என்றாள். "போய் முகத்தைக் கழுவிட்டு வந்து படிடி."

"அப்ப பணத்தைக் கட்டத்தானே வேணும்?" என்றார் கணவர்.

"யார் கட்டணும்னு முதல்ல கேட்டுட்டு வரேன். அதுவரைக்கும் நீங்க பர்ஸை வெளிய எடுக்காதீங்க."

மறுநாள் கடையை மூடிவிட்டு நீதிமன்றக் கட்டடத்துக்குப் போனாள். பின்பக்கம் ஒரு சின்ன அறையில் காசில்லாமல் ஆலோசனை சொல்வார்கள் என்று அந்த டாக்டர் வீட்டு அம்மா சொல்லியிருந்தாள். உள்ளே ஓர் இளம் வக்கீல், சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே கேட்டாள்.

"நீங்க ஜாமீன் நின்னு எங்கயாவது கையெழுத்து போட்டீங்களா?"

"இல்லம்மா. போன்ல 'ம்ம்'னு சொன்னேன்."

வக்கீலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "'ம்ம்'முல எங்கம்மா கையெழுத்து இருக்கு? எல்லா ஊர்லயும் ஒரே மாதிரின்னு சொல்லமாட்டேன், நம்ம சட்டத்துல இதுதான். பதினெட்டு ஆகாத பிள்ளை போட்ட இந்த மாதிரி ஒப்பந்தத்தை வெச்சு அதையும் பிடிக்க முடியாது, எழுத்துல ஜாமீன் நிக்காத பெத்தவங்களையும் பிடிக்க முடியாது. ஆனா ஒண்ணு. இப்ப அவங்க நீட்டற தாள்ல நீங்க கையெழுத்து போட்டீங்கன்னா அந்த நிமிஷத்துல இருந்து அது உங்க கடன். ஒரு தவணை கட்டினாக்கூட, பாருங்க அவங்களே ஒத்துக்கிட்டாங்கன்னு பேச ஆரம்பிச்சுடுவாங்க. அப்புறம் தும்பை விட்டுட்டு வாலைப் பிடிச்ச கதைதான்."

"அந்தப் பெட்டி?"

"இருக்கறதைத் திருப்பிக் கொடுத்துடுங்க."

திருப்பிக் கொடுப்பதைப் பற்றி அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எழுந்து கும்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள். மகள் அப்போதுதான் பள்ளியிலிருந்து வந்து, சீருடையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"அப்பா ஒரு கவரை எடுத்துக்கிட்டு அங்கதாம்மா போனாரு. முதல் தவணையாவது கட்டிட்டு வரேன், அம்மாகிட்ட சொல்லாதேன்னாரு."

"பெட்டியை எடு!"

ஆணி அக்கா ஓடி யாரும் பார்த்ததில்லை. அன்று தெரு பார்த்தது. பெட்டியின் ஒரு பக்கத்தை அவளும் மறு பக்கத்தை மகளும் பிடித்துக்கொண்டு, பேருந்து நிலையம் வரைக்கும் ஓடினார்கள். செருப்புக் கடைப் படியில் ஏறினால், பாதிப் படியில் கணவர் உட்கார்ந்திருக்கிறார். மடியில் கவர்.

"கட்டிட்டீங்களா?"

"பணம் வாங்கற சார் டீ குடிச்சுக்கிட்டிருக்காராம். உக்காருங்கன்னாங்க" என்றார், திருடிப் பிடிபட்ட பிள்ளை மாதிரி. ஒரு டீயால் அந்தக் குடும்பம் பிழைத்தது என்று ஆணி அக்கா இன்றைக்கும் சொல்வாள்.

அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். "இங்க பாருங்க. மானம் நம்மது, கடன் நம்மது இல்ல. ரெண்டையும் ஒரே கவர்ல போட்டுக் கொண்டாந்திருக்கீங்க. அதைப் பாக்கெட்ல வைங்க. மேல நான் பேசறேன்."

மாடியில் பெரிய கூடம். சுவரெல்லாம் கண்ணாடி. ஓரத்தில் நாலைந்து பெண் பிள்ளைகள், எல்லோரும் பள்ளிச் சீருடையில், மடியில் பையை வைத்துக்கொண்டு சேருவதற்காகக் காத்திருந்தார்கள். மேலாளர் வாயைத் துடைத்தபடி வந்தார். ஆணி அக்கா பெட்டியை மேசையில் வைத்தாள்.

"பிரிச்ச பெட்டியை எடுத்துக்க மாட்டோம்மா."

"எடுத்துக்கிட்டுத்தான் ஆகணும் சார். இது எங்களது இல்ல."

"நீங்க போன்ல ஒத்துக்கிட்டீங்களே. இல்லன்னு சொல்லுவீங்களா?"

"இல்லன்னு சொல்லமாட்டேன். 'ம்ம்'னு சொன்னேன். வேலையா இருந்தேன், என்னன்னு கேக்காம சொன்னேன். அது என் தப்பு, அதை என் பொண்ணுகிட்ட நான் பேசிக்கறேன். அதுக்காக உங்க கடன் என் தலையில வந்து உக்காராது."

மேலாளர் ஆளை மேலும் கீழும் பார்த்தார். பேச்சை மாற்றினார். "நீங்க சோபா தைக்கிறவங்களாமே? எதுக்கு சண்டை? இதோ, இந்த நாற்காலி எல்லாம் கிழிஞ்சு கிடக்கு. தைச்சுக் கொடுத்துடுங்க. கணக்கை முடிச்சுக்கலாம்."

கணவரின் முகம் பல்பு போட்டது மாதிரி மலர்ந்தது. காசும் போகாது, பேச்சும் வராது, வேறென்ன வேண்டும்? உண்மையைச் சொன்னால் ஆணி அக்காவுக்கும் ஒரு கணம் கை ஊறியது. நாற்காலிகளை அவள் உள்ளே நுழைந்தபோதே பார்த்திருந்தாள். கிழிசல் மேல் டேப் ஒட்டிச் சமாளித்திருந்தார்கள், உள்ளே பஞ்சு சப்பையாகி ஸ்பிரிங் முதுகைக் குத்திக்கொண்டிருக்கும். இரண்டு மூன்று நாள் வேலை, தலைவலி விட்டது.

பிறகு மகளைப் பார்த்தாள். மகள் மூலையில் சாய்த்து வைத்திருந்த துடைப்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கூலிக்குக் கூப்பிடுங்க, வந்து தைச்சுத் தரேன். கடனுக்குத் தைக்கமாட்டேன். தைச்சா அது என் கடன்னு ஆயிடும்."

"அப்ப பொண்ணை வேலைக்கு அனுப்புங்க."

"அனுப்பமாட்டேன். அது படிக்கற பிள்ளை." இப்போது அவள் குரல் உயர்ந்தது. தொழிற்சாலைச் சத்தத்தில் பேசிப் பழகிய குரல் அது. "இவ சேர்ந்த அன்னிக்கு இதே யூனிஃபார்ம்லதானே வந்தா? பதினெட்டு ஆகலைன்னு தெரிஞ்சுதானே கையெழுத்து வாங்கினீங்க? ஆகாத பிள்ளைகிட்ட கையெழுத்து வாங்கிட்டு, பெத்தவங்க கடைக்கு ஆள் அனுப்பறது எந்த ஊர் நியாயம்? நான் இன்னிக்கு நீதிமன்றத்துல கேட்டுட்டுத்தான் வரேன். நான் கையெழுத்து போடல, போடவும் மாட்டேன்."

ஓரத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளில் ஒருத்தி மெல்ல எழுந்தாள். "சார், எங்க அம்மாகிட்டயும் ஆள் அனுப்புவீங்களா?" என்று கேட்டாள். இன்னொருத்தி பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

மேலாளருக்கு அதற்கு மேல் இந்தப் பெட்டி பெரிதாகப் படவில்லை. இவளைச் சீக்கிரம் படியிறக்கினால் போதும் என்றாகிவிட்டது. பெட்டியைத் திறக்கச் சொன்னார். மகளே திறந்தாள். ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்து, "இது திறக்கவே இல்ல. இது பாதி. இது தீந்துபோச்சு, நான்தான் போட்டேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். பெட்டி வந்து சேர்ந்தது, பாக்கி எதுவும் இல்லை என்று மேலாளர் எழுதி, முத்திரை குத்தினார். ஆணி அக்கா அதை மகளிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னாள். பிறகுதான் வாங்கி மடித்தாள்.

படியிறங்கும்போது கணவர் கவரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "எனக்கு இன்னும் ஒரு மாதிரியாத்தான் இருக்கு" என்றார். "இருக்கட்டும், சரியாயிடும்" என்றாள் அவள்.

கதை அத்தோடு முடியவில்லை. வீட்டைப் பெருக்கும்போது கட்டிலுக்குப் பின்னால் ஒரு சின்னத் தூரிகை கிடைத்தது. விரல் நீளம்கூட இல்லை. ஆணி அக்கா மிச்சத் துணியில் ஒரு பை தைத்து, தூரிகையை அதில் போட்டு, மகளிடம் நீட்டினாள். "தனியா போய்க் கொடுத்துட்டு வா." மகள் அப்பாவைப் பார்த்தாள், அப்பா கூரையைப் பார்த்தார். போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். மேலாளர் பையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, மேசை இழுப்பறையில் போட்டுக்கொண்டாராம். அடுத்து வந்த பள்ளி விடுமுறை முழுக்க மகளுக்குக் கடையில் வேலை. பழைய சோபாக்களிலிருந்து துருப்பிடித்த ஆணிகளைப் பிடுங்க வேண்டும். கூலி உண்டு. சலுகை கிடையாது.

வசூல்காரரும் இன்னொரு தடவை வந்தார். முத்திரை வைத்த தாளைப் படித்துவிட்டு, பாதி தைத்த நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்தார். போகும்போது தன் வண்டி இருக்கை கிழிந்திருக்கிறது, கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள் என்றார். நன்றாகவே தைத்துக் கொடுத்தாள். கூலியில் ஒரு பைசா குறைக்கவில்லை.

மகளுக்குப் பதினெட்டு முடிந்தது. பல் கட்டுகிற தொழில்நுட்பப் படிப்பில் இடமும் கிடைத்தது. "முதல்ல உன் முன்பல்லைத்தான் சரி பண்ணப் போறேன்" என்று அம்மாவை மிரட்டிக்கொண்டிருந்தாள். படிப்புக்கு வங்கியில் கடன் கேட்டிருந்தார்கள். ஒரு மத்தியானம் வங்கியிலிருந்து நேராகக் கடைக்கு வந்தாள். கூட அப்பாவும் வந்தார்.

ஆணி அக்கா சினிமாக் கொட்டகை இருக்கை ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தாள். என்ன என்று புருவத்தால் கேட்டாள். மகள் பையிலிருந்து வங்கிக் கடன் தாளை எடுத்தாள். தாளை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ம்ம்?"

"வாயில இருக்கறதை எடுத்துடும்மா. 'ம்ம்' செல்லாது."

ஆணி அக்கா துணியை ஒரு ஆணியில் நிறுத்திவிட்டு, மிச்சத்தைக் கையில் துப்பிக் கிண்ணத்தில் போட்டாள். கையைத் துடைத்தாள். "படி" என்றாள்.

மகள் முதல் வரியிலிருந்து படித்தாள். ஒன்றையும் தாண்டவில்லை. வட்டி, தவணை, காலம் எல்லாவற்றையும் படித்துக்கொண்டு வந்தவள் ஓரிடத்தில் நின்றாள். அந்த வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தாள். மாணவி கட்டத் தவறினால் ஜாமீன்தாரரான பெற்றோரே முழுத் தொகையையும் கட்ட வேண்டும் என்று அங்கே இருந்தது.

"நான் கட்டலைன்னா உன்னைத்தாம்மா கேப்பாங்க. இந்தத் தடவை நிஜமாவே."

"தெரியும்."

"கடைக்கே வருவாங்க."

"வரட்டும். வந்தா டீ கொடுப்பேன். என் கடன்தானே?"

கணவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துத் திறந்து கொடுத்தார். ஆணி அக்கா சினிமாக் கொட்டகை இருக்கையின் மேல் தாளை விரித்து, அடையாள அட்டைக்கு மட்டும் தெரிந்த அந்தப் பெயரை, ஓர் எழுத்துவிடாமல் முழுசாக எழுதினாள். மை காயும்வரை மூவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அவள் கிண்ணத்திலிருந்து ஒரு பிடி ஆணியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு, துணியை இழுத்துப் பிடித்தாள்.